கருவிக்குச் சான்று, மென்பொருளுக்கு யார் பொறுப்பு?

காரைக்குடியை அடுத்த புதுவயலின் அடையாளம் அரிசி ஆலைகள். அடுக்கிவைத்த நெல் மூட்டைகளின் ஈரப்பதத்தை அளந்து ஆலை உரிமையாளரின் கைப்பேசிக்கு அனுப்பும் சிறு கருவி ஒன்றை இவ்வட்டாரப் பொறியியல் பட்டதாரி ஒருவர் உருவாக்குவதாக வைத்துக்கொள்வோம். சில்லு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை இயக்கும் புளூடூத் மென்பொருளோ, லினக்ஸ் அறக்கட்டளையின்கீழ் 2016-இல் தொடங்கப்பட்ட 'செஃபிர்' போன்ற திறந்தமூலத் திட்டங்களில் இலவசமாகவே கிடைக்கிறது. இடர்ப்பாடு தொடங்குவது அதை விற்க முனையும்போதுதான்.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குறைந்த ஆற்றலில் பயன்படுத்த உரிமம் வேண்டியதில்லை என மத்திய அரசு 2005 ஜனவரியில் அறிவித்தது. உரிமம் வேண்டாம் என்பதற்குச் சான்றும் வேண்டாம் என்று பொருளல்ல. அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தின் அலைவீச்சுச் சோதனை அறிக்கையுடன் தொலைத்தொடர்புத் துறையின் கருவி வகை ஒப்புதலைப் பெற வேண்டும். 2019 முதல் பலவகைக் கருவிகளுக்குச் சுய அறிவிப்பு முறை வந்திருப்பது வரவேற்கத்தக்கதே. ஆயினும் சோதனை அறிக்கை தேவைதான். புளூடூத் என்னும் பெயரையும் தொழில்நுட்பத்தையும் பயன்படுத்த அதன் பன்னாட்டுக் கூட்டமைப்பிடம் தனியே தகுதிச்சான்று பெறவேண்டும். அடிப்படை உறுப்பினராவது இலவசம். சான்றுக்கோ பல ஆயிரம் டாலர் கட்டணம். சிறு நிறுவனங்களுக்குச் சலுகை உண்டு. திறந்தமூல மென்பொருள் ஏற்கெனவே சோதிக்கப்பட்டிருந்தால் சோதனைச் சுமை குறையுமேயன்றி, கட்டணம் நீங்கிவிடாது.

பணத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்றுண்டு. அலைபரப்பியின் ஆற்றலையும் அலைவரிசையையும் இன்று மென்பொருளே தீர்மானிக்கிறது. யாரும் திருத்தக்கூடிய மென்பொருளுடன் வரும் கருவிக்கு எப்படிச் சான்றளிப்பது? அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டி, 'டிடி-டபிள்யூஆர்டி' என்ற மாற்று மென்பொருளைப் பெயர் சொல்லியே தடுக்கும் தொனியில் அமைந்திருந்தது. எதிர்ப்பு வலுக்கவே, திறந்தமூலத்தைத் தடைசெய்வது நோக்கமன்று என அவ்வாண்டு நவம்பரில் ஆணையம் விளக்கமளித்தது. வரம்பை மீறிய ஆற்றலில் இயங்க இடமளித்த ரவுட்டர்களுக்காக 2016-இல் டிபி-லிங்க் நிறுவனம் 2 லட்சம் டாலர் செலுத்தியது. கூடவே, பிறர் எழுதிய மென்பொருளுக்கு இடமளிக்கும் வழிகளை ஆராயவும் உடன்பட்டது. அலைபரப்பும் அடுக்கை மட்டும் பூட்டி, எஞ்சியதைத் திறந்துவைப்பதே அறிவுடைமை. நம் விதிகளிலும் இந்தப் பாகுபாடு தெளிவாக எழுதப்பட வேண்டும்.

எழுதப்படாவிட்டால் நேர்வது என்ன? சான்று கைநழுவுமோ என்ற அச்சத்தில் சிறு உற்பத்தியாளர் மென்பொருளை ஒரே பதிப்பில் உறையவைத்துவிடுவார். 2020 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் வெளியிட்ட 'ஸ்வெயின்டூத்' குறைபாடுகள், ஏழு சில்லு நிறுவனங்கள் தந்த புளூடூத் மென்பொருள்களில் இருந்தவை. பழைய பதிப்பைத் தொடாதிருந்த கருவிகள் ஓட்டையோடுதான் இயங்கியிருக்கும். பாதுகாப்புத் திருத்தத்துக்கு மறுசோதனை தேவையில்லை, அலைவீச்சு அளவுகள் மாறினால் மட்டுமே தேவை என்று ஒரு வரி எழுதினால் போதும்.

கண்காணிப்புக் கேமராக்களின் மூல நிரலையே ஆய்வகத்தில் காட்டவேண்டும் என்பது 2025 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதி. நிரலைக் காட்டத் தயங்கும் நிறுவனங்களோடு அரசு மல்லுக்கட்டுகிறது. கேளாமலே காட்டுபவருக்கு ஒரு சலுகையும் இல்லை!

அலைவீச்சு, மின்காந்தச் சோதனைகளுக்கு புதுவயல்காரர் சென்னைக்கோ பெங்களூருக்கோ போகவேண்டும். சென்னையே சுமார் 400 கி.மீ. ஒருமுறை தோற்றால் மீண்டும் பயணம், மீண்டும் கட்டணம். காரைக்குடியில் 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இயங்குகிறது. அழகப்ப செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரியும் உண்டு. முறையான சோதனைக்கு முன் கருவியைச் சரிபார்த்துக்கொள்ளும் எளிய அளவீட்டுக்கூடம் ஒன்றை அக்கல்லூரியில் அமைக்கப் பெருந்தொகை தேவைப்படாது. சிவகங்கை மாவட்டத் தொழில் மையம் அதற்கான முன்மொழிவை இந்த நிதியாண்டிலேயே அனுப்பலாம்.