கீச்சிட்ட பிரேக்

சென்ற மாதம் வரை என் வருகையை அறிய எங்கள் தெருவாருக்குக் கண் வேண்டியிருக்கவில்லை; காதே போதுமாயிருந்தது. மோட்டார் சைக்கிளின் முன் பிரேக்கைப் பிடித்ததும் எழும் கீச்சொலி உறங்குவோரையும் எழுப்பிவிடும். கல்லூரி வாயிலில் மாணவர்கள் புன்னகையை மறைக்கப் புத்தகங்களை முகத்துக்கு நேரே உயர்த்துவர். நாற்பதைக் கடந்த ஆசிரியனுக்கு இது சிறிய வெட்கமன்று.

"ஒரு சொட்டு ஒயில் விடுங்கோ மாஸ்டர், வாயை மூடிவிடும்" என்றார் அயல்வீட்டு அண்ணர். கதவுப் பிணைச்சலுக்கு விடுவதுபோல் நானும் பிரேக்கின் வட்டத்தகட்டில் விட்டேன். கற்றவன் செய்யும் பேதைமைக்கு அளவேது? சத்தம் நின்றது. மறுநாள் மாலை மகளைப் பின்னால் இருத்திக்கொண்டு பிரெட்றிக் கோட்டைப் பக்கம் செல்கையில், அங்கு உலவும் புள்ளிமான்களுள் ஒன்று குறுக்கே பாய்ந்தது. முன் பிரேக்கை அழுத்தினேன், அது வழுக்கியது. பின் பிரேக்கும் கோணேசர் கருணையுமே எங்களை மானுக்கு ஒரு முழம் இப்பால் நிறுத்தின. மகள் ஒன்றும் சொல்லவில்லை. என் சட்டையைப் பற்றிய விரல்களை மட்டும் வீடு சேரும்வரை தளர்த்தவில்லை.

அன்றிரவுதான் அவ்வோசையின் காரணத்தை ஆராயலானேன். வயலின் வில் நரம்பைப் பற்றும், வழுவும், மீண்டும் பற்றும். அதனாலேயே இசை பிறக்கிறது. சில்லுடன் சுழலும் தகட்டை இருபுறமும் நெரிக்கும் பிரேக் கட்டைகளும் அவ்வாறே செக்கனுக்கு ஆயிரம் முறைக்கு மேல் பற்றி வழுவும்போது கீச்சொலி எழுகிறது. இது புதிய நோயுமன்று. 1902இல் இங்கிலாந்தில் லான்செஸ்டர் என்பார் காப்புரிமை பெற்ற வட்டத்தகட்டுப் பிரேக்கில் உலோகத்தோடு செம்பு உராய்ந்து கிறீச்சிட்டதாம்.

எமது துறைமுகப் பகுதியில் உப்புக்காற்றும் இதற்குத் துணைசெய்கிறது. கட்டைகளைத் தாங்கும் ஊசிகளில் உப்பும் துருவும் படிந்தால், அவை தாராளமாக அசையமாட்டா. தகட்டை விட்டு விலகாமல் உரசிக்கொண்டே இருக்கும். சூட்டினால் கட்டையின் முகம் கண்ணாடிபோல் பளபளத்துவிட்டாலும் கீச்சொலி பிறக்கும்.

ஆகவே வாசகர்களே, ஓசை எழுந்தால் முதலில் கட்டைகளைக் கழற்றிப் பாருங்கள். தேய்வைக் காட்டும் பள்ளம் மறைந்திருந்தால் புதியவை வாங்குவதன்றி வேறு வழியில்லை. தடிப்புப் போதுமாயின், சமதளத்தில் மணற்கடதாசியை விரித்து, நீர் தெளித்து, பளபளப்பு நீங்குமட்டும் மெல்ல உரையுங்கள். தூசியை வாயால் ஊதவேண்டாம்; அது நுரையீரலுக்குத் தீங்கு. ஊசிகளைத் துலக்கி, சூடு தாங்கும் பிரேக் கிறீஸை அவற்றிலும் கட்டையின் முதுகிலும் மெல்லியதாகப் பூசுங்கள். கட்டையின் முகத்திலோ தகட்டிலோ ஓர் அணுவும் படலாகாது. தகட்டைப் பிரேக் துப்புரவுத் திரவத்தால் துடையுங்கள். யாவற்றையும் பூட்டியபின், கைப்பிடி இறுக்கமாகும்வரை பலமுறை அழுத்திப் பார்க்காமல் வண்டியை எடுக்கவே கூடாது. முதற் சில மைல்களை மெதுவாக ஓடி, மென்மையாக நிறுத்திப் பழக்குங்கள். இதில் ஐயமிருப்பின் கராஜ்காரரிடம் கொடுப்பது இழுக்கன்று.

நான் விட்ட ஒரு சொட்டு ஒயில், இன்னும் நெடுநாள் உழைக்கக்கூடிய கட்டைகளைக் கெடுத்துவிட்டது. ஒயில் குடித்த கட்டை மறுபடி நம்பத்தக்கதன்று, புதியவை வாங்கினேன். பணம் போனதில் வருத்தமில்லை. கத்திய பிரேக் என்னை நாணச் செய்ததேயன்றி, ஒருநாளும் கைவிட்டதில்லை. வாயடைக்கப்பட்ட பின்னரே கைவிட்டது.

இப்போது வண்டி அமைதியாக நிற்கிறது. ஈரமான காலைகளில் மட்டும் ஒரு சிறு முனகல் கேட்கும். மகள் பின்னாலிருந்து, "அப்பா, பிரேக் விழித்திருக்கிறது" என்பாள். எனக்கும் அது ஆறுதலாகவே இருக்கிறது.