எங்களிடம் கேட்கப்படாத கேள்வி

கடந்த ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு மொன்றியல் பழைய துறைமுகத்துக்குப் போயிருந்தேன். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நின்று கப்பல் பார்ப்பது அவளுக்குப் பிடிக்கும். சரக்குக் கப்பல் ஒன்று மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அதன் பின்புறத்தில், கப்பலின் பெயருக்குக் கீழே, 'ஹமில்டன்' என்று எழுதியிருந்தது.

"அப்பா, சித்தப்பா இருக்கிற ஹமில்டனா?"

"இல்லையம்மா. இது பெர்மூடாவின்ர தலைநகர். கப்பலை அங்க பதிஞ்சிருக்கினம்."

"பெர்மூடா ஒரு நாடா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. இத்தனைக்கும் நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். இணையப் படிவங்களில் 'நாடு' என்ற பெட்டியை அமத்தினால் ஒரு நீண்ட பட்டியல் விழுமே, அது பெரும்பாலும் ஐஎஸ்ஓ 3166 என்ற தரத்திலிருந்து எடுக்கப்படுவது. அதில் 249 பெயர்கள் உண்டு. ஆனால் ஐ.நா. உறுப்பு நாடுகள் 193 மட்டுமே. மிச்சத்தில் பெரும்பாலானவை வேறொரு நாட்டின் கீழ் இருக்கும் நிலப்பகுதிகள். எங்கள் வட அமெரிக்கக் கண்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சுதந்திர நாடுகள் 23. அவற்றுக்கு வெளியே டென்மார்க்கின் கிறீன்லாந்து, அமெரிக்காவின் புவேர்ட்டோ ரிக்கோ, நியூபவுண்ட்லாந்துக்குப் பக்கத்திலேயே பிரான்சின் சென் பியர், பிரித்தானியாவின் பெர்மூடா என்று இன்னும் பல. பட்டியலில் கனடாவும் ஒரு வரி, பெர்மூடாவும் ஒரு வரி. கியூபெக் அதில் இல்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்த நான் 'இலங்கை' என்ற வரியைத் தெரிவு செய்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போகவேண்டியதுதான்.

எந்தப் பெயர் பட்டியலில் இருக்கிறது என்பதை விட, அங்குள்ள மக்களிடம் யாராவது கேட்டார்களா என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பெர்மூடாவில் கேட்டார்கள். 1995 ஓகஸ்ட் 16ஆம் திகதி, சுதந்திரம் வேண்டுமா என்று வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் அளவில் வேண்டாம் என்றார்கள். அதே ஆண்டு ஒக்டோபர் 30இல் இங்கே கியூபெக்கிலும் கேட்டார்கள். 50.58 வீதம் 'இல்லை'. ஏறத்தாழ 54,000 வாக்குகளில் ஒரு நாடு உடையாமல் தப்பியது. என்னோடு வேலை செய்யும் வயதான கியூபெக்காரர் ஒருவர், அன்று தானும் மனைவியும் எதிரெதிராக வாக்களித்த கதையைச் சிரித்துச் சிரித்துச் சொல்வார். இரவு ஒரே மேசையில்தான் சாப்பிட்டார்களாம்.

கரிபியனில் சென் கிற்ஸ், நெவிஸ் என்று இரண்டு தீவுகள் சேர்ந்த ஒரு நாடு இருக்கிறது. பிரிந்து போவதற்கான வழியை அதன் அரசியலமைப்பே எழுதி வைத்திருக்கிறது. 1998 ஓகஸ்டில் நெவிஸ் மக்கள் வாக்களித்தார்கள். கிட்டத்தட்ட 62 வீதம் 'ஆம்'. ஆனால் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்பது விதி. ஆகவே பிரியவில்லை. ஒருவரும் துவக்குத் தூக்கவும் இல்லை.

இனி எங்கள் கதைக்கு வருவோம். 1976இல் வட்டுக்கோட்டைத் தீர்மானம். அடுத்த ஆண்டுத் தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணி 18 ஆசனங்களை வென்று, அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். 1993இல் கனடாவிலும் இதேதான் நடந்தது. பிரிவினை கேட்கும் புளொக் கியூபெக்குவா 54 ஆசனங்களோடு ஒட்டாவாவில் உத்தியோகபூர்வ எதிர்க்கட்சியாக உட்கார்ந்தது. இதுவரை இரண்டு கதையும் ஒன்று. பிறகுதான் வேறு வேறு. இங்கே இரண்டே வருடத்தில் வாக்குச்சீட்டு வந்தது. அங்கே, யூலைக் கலவரத்தின் இரத்தம் காயுமுன்னே, 1983 ஓகஸ்டில் ஆறாவது திருத்தம் வந்தது. தனிநாட்டை ஆதரிப்பதே குற்றம் என்றானது. அதற்கான சத்தியப்பிரமாணம் செய்ய மறுத்த கூட்டணி உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தார்கள். அந்தத் திருத்தம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

'தமிழர்கள் இப்போது தனிநாடு கேட்கவில்லையே' என்று கொழும்பில் சொல்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். 'ஆம்' சொன்னால் குற்றம் என்ற இடத்தில் 'இல்லை' என்ற பதிலுக்கும் பெறுமதி இல்லை. பெர்மூடாக்காரரின் 'வேண்டாம்' மதிக்கப்படுவது, 'வேணும்' என்று சொல்லவும் அவர்களுக்கு வழி இருந்ததால்தான்.

எங்களுக்கும் ஒரு கணக்குப் பாக்கி இருக்கிறது. 1995இல் கியூபெக் வாக்கெடுப்புக்குச் சில நாள் முன்பு, வடக்கே வாழும் கிறீ பழங்குடியினர் தங்களுக்குள் தனியாக ஒரு வாக்கெடுப்பு நடத்தி, நீங்கள் பிரிந்தாலும் நாங்கள் உங்களோடு வரமாட்டோம் என்றார்கள். கியூபெக்காரருக்கு அது கசந்த செய்தி. எங்கள் மண்ணிலும் 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் யார் கேட்டது? மாற்றுக் கருத்துச் சொன்ன தமிழனையே 'துரோகி' என்று முத்திரை குத்திய பழக்கம் எங்களுடையது. புலம்பெயர்ந்த மண்ணில், குளிர் நாட்டில் பாதுகாப்பாக இருந்துகொண்டு இன்றைக்கும் முகநூலில் அதைச் செய்கிறோம். கேட்கப்படும் உரிமை எங்களுக்கு வேண்டுமென்றால், பிடிக்காத பதிலைக் கேட்கும் காதும் வேண்டும்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளில் வட்டுக்கோட்டையைச் சொல்லிக் கொடுக்கிறோம், நல்லது. அதோடு கியூபெக்கையும் நெவிசையும் கிறீ மக்களையும் சொல்லிக் கொடுப்போம். பிள்ளைகள் இரண்டு பக்கமும் நின்று விவாதிக்கட்டும்.

"நாடில்லை அம்மா. ஆனா உங்களுக்கு நாடு வேணுமா எண்டு அவையிட்ட கேட்டவை. வேண்டாமெண்டு சொல்லிப்போட்டினம்" என்றேன் மகளிடம்.

கப்பல் பாலத்துக்கு அப்பால் மறைந்துவிட்டது. அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"எங்களிட்ட ஆராவது கேட்டவையா?"