மலைவாசிகளுக்கு வேண்டிய ஒரு யந்திரம்

நீர்க்கட்டு அற்ப வியாதியன்று. பிராஸ்டேட் வீங்கிய முதியோர், பிரசவித்த ஸ்திரீகள், நீரிழிவுக்காரர், முதுகெலும்பில் அடிபட்டோர் ஆகியோருக்கு இது நேரிடுகிறது. சிலருக்கு வலியே தோன்றுவதில்லை. மூத்திரப்பை ஓசையின்றி விரிந்து, முடிவில் சிறுநீரகங்களையும் கெடுத்துவிடுகிறது.

பையில் எவ்வளவு நீர் தேங்கியிருக்கிறதென்று அறியக் குழாய் செலுத்திப் பார்ப்பது பழைய முறை. அதன் வழியே கிருமி புகுவதுண்டு. இக்காலத்திலோ ஒலியலையால் அளக்கும் சிறு யந்திரம் வந்திருக்கிறது. அடிவயிற்றின்மேல் வைத்தால், பல கோணங்களில் பையின் உருவைப் பிடித்து, அதன் எல்லையைத் தானே கண்டு, கன அளவை மில்லி லிட்டரில் கணக்கிட்டுச் சொல்லிவிடுகிறது. பயிற்சி பெற்ற நர்ஸ் ஒருவரே இதைக் கையாளலாம். நீர் கழித்த பின்னரும் 200 மில்லி லிட்டருக்கு மேல் தங்கியிருந்தால் டாக்டரின் கவனம் அவசியம்.

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்குச் சுமார் 30 கிலோமீட்டர். வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சேர்வராயன் மலையின் உட்கிராமங்களிலுள்ள மலையாளி மக்களுக்கும் காப்பித் தோட்டத் தொழிலாளருக்கும் ஏற்காடு வருவதே தனிப் பிரயாணம். நீர் அடைபட்டுத் துடிக்கும் கிழவரை மலையிறக்குவது அவசியந்தானா என்பதை மலையிலேயே நிச்சயிக்க வேண்டாமா? ஆகவே, மலையிலுள்ள ஒவ்வொரு சர்க்கார் சுகாதார நிலையத்திலும் இந்த யந்திரம் இருக்க வேண்டுமென்பது நமது அபிப்பிராயம்.

ஒலியலை யந்திரங்கள் பெருகினால் பெண் சிசுக்களுக்கு ஆபத்து என்று சிலர் ஆட்சேபிக்கலாம். இதை நாம் அலட்சியம் செய்யவில்லை. 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் ஆரம்பிக்க நேர்ந்தது இதே சேலம் ஜில்லாவில்தான். கருவின் பாலறிவதைத் தடுக்கும் 1994-ஆம் வருஷத்துச் சட்டமும், கையடக்க யந்திரங்களின் உபயோகத்தைக் கட்டுப்படுத்திய 2012-ஆம் வருஷத்து விதித் திருத்தமும் நியாயமானவையே. அவ்வேலியில் ஒரு முள்ளையும் பிடுங்க வேண்டாம். படம் காட்டாது எண்ணை மட்டும் காட்டும் யந்திரங்கள் உள. அவற்றையே வாங்கி, அதிகாரிகளின் பதிவேட்டில் ஏற்றி, நிலையத்தை விட்டு வெளியேறாதபடி வைத்தால் குற்றத்துக்கு இடமேது?

யந்திரத்தின் வாக்கு வேதவாக்கு என்றும் நாம் சொல்லவில்லை. வயிற்றில் நீர் கோத்தவரிடமும் சூலகக் கட்டியுள்ளவரிடமும் அது ஏமாறக்கூடும். நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் கையும் விசாரிக்கும் வாயும் என்றும் வேண்டும்.

சமவெளியில் கிடைக்கும் சிகிச்சை மலைவாசிக்குத் தானமன்று, பாத்தியதை. சர்க்கார் இனியும் தாமதியாமல் ஆவன செய்வார்களாக.