முகத்தில் லேசர் வைப்பவர் யார்?

மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இயக்குநர் அவர்களுக்கு,

முகப்பரு ஆறிய பிறகும் கன்னத்தில் தங்கிவிடும் குழிகளைப் பற்றியும், அவற்றைப் போக்குவதாகச் சொல்லி நடக்கும் லேசர் சிகிச்சையைப் பற்றியும் எழுதுகிறோம். உயிர் போகிற காரியம் இல்லையே என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். கல்யாணப் பேச்சு எடுத்தாலே கண்ணாடி முன் போய் நிற்கும் பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். நகையை அடகு வைத்துப் பணம் கட்டும் தாய்மார்களும் இருக்கிறார்கள்.

லேசரை நாங்கள் குறை சொல்லவில்லை. தகுந்த கையில் அது நல்ல கருவி. குழிகளுக்கு அதிகம் பயன்படுவது கார்பன் டை ஆக்சைடு லேசர். அதன் 10,600 நானோமீட்டர் கதிரைத் தோலில் உள்ள நீர் உறிஞ்சிச் சூடாகிறது. முன்பெல்லாம் மேல்தோல் முழுவதையும் சுட்டு எடுத்தார்கள். 2004இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வேறு வழியை விளக்கினார்கள்: கண்ணுக்குத் தெரியாத புள்ளிகளாக மட்டும் சுட்டு, இடையில் உள்ள தோலை அப்படியே விட்டுவிட வேண்டும். சுடாத தோலிலிருந்து புண் சீக்கிரம் ஆறும். அடியில் கொலாஜன் என்ற புரதம் சில மாதங்களில் புதிதாகச் சேர்ந்து பள்ளம் மேலெழும். பல தடவை செய்தாலும் குழி ஆழம் குறையுமே தவிர, முழுதாக மறையாது. இதை முதல் நாளே சொல்லும் மருத்துவர்தான் நேர்மையானவர்.

நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. மாநிறத்திலும் கறுப்பிலும் உள்ள தோல், சூடு பட்டால் கூடுதலாக நிறமியைச் சுரக்கும். குழி கொஞ்சம் குறைந்து, அதைச் சுற்றி மாதக்கணக்கில் கருமை படர்ந்து நிற்கும். புள்ளிகளை எவ்வளவு நெருக்கமாக வைப்பது, எவ்வளவு சக்தி கொடுப்பது என்பதை ஒவ்வொரு முகத்தையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும். வெள்ளைத் தோலுக்குச் சொன்ன அளவை அப்படியே நம் முகத்தில் வைக்க முடியாது. காதோரம் ஒரு சின்ன இடத்தில் வைத்துப் பார்த்து, சில வாரம் காத்திருந்து, பிறகு முகத்துக்கு வருவதே முறை. ஒரே நாளில் பணம் கட்டவைத்து அன்றே முகம் முழுதும் சுடும் இடத்தில் இந்தப் பொறுமை எங்கிருந்து வரும்?

குழியும் ஒரே வகை அல்ல. ஊசி குத்தியதுபோல் ஒடுங்கி ஆழமாக இறங்கியவற்றுக்கு லேசர் மட்டும் போதாது. அங்கே அமிலத்தைத் துளியாக வைக்கும் முறை கூடுதலாக உதவும். அலைபோல் அமுங்கியவற்றுக்கு, அடியில் இழுத்துப் பிடித்திருக்கும் நார்களை ஊசியால் அறுத்துவிட வேண்டியிருக்கும். இதைப் பிரித்தறிவது தோல் மருத்துவம் படித்தவர் வேலை. பரு இன்னும் சிவந்து வந்துகொண்டிருக்கும் முகத்துக்கு முதலில் தேவை மருந்து. பென்சாயில் பெராக்சைடு, அடாபலின் போன்ற விலை குறைந்த பூச்சுகளை வேளையோடு தொடங்கினால் பல குழிகள் விழாமலே போகும். அரசு மருத்துவமனைத் தோல் பிரிவிலேயே இதற்கு வழி உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை.

இப்போது உங்கள் பொறுப்புக்கு வருகிறோம். அழகு நிலையங்களில் சில வாரப் பயிற்சிச் சான்றிதழை மாட்டிக்கொண்டு, லேசர் என்று பலகை எழுதி, மருத்துவர் இல்லாமலே கருவியை இயக்குகிறார்கள். ஐபிஎல் எனப்படும் ஒளிக் கருவி லேசரே அல்ல. அதையும் லேசர் என்றே விற்கிறார்கள். எது தன் முகத்தில் பட்டது என்று கேட்டால் சொல்லத் தெரியாதவர்களாக எங்கள் வாசகர்கள் நிற்கிறார்கள். கருமை வந்த பிறகு, பக்கத்து மருந்துக் கடையில் ஸ்டீராய்டு கலந்த கிரீம் வாங்கித் தடவுகிறார்கள். அது மறுபடியும் பருவைக் கிளப்புகிறது.

புதுச் சட்டம் கேட்கவில்லை. 1997ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டமும் 2018இன் விதிகளும் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கின்றன. பதிவு செய்யாத கிளினிக் இயங்கக் கூடாது. அழகு நிலையம் என்ற பெயரில் முகத்தைச் சுடும் இடத்தையும் மருத்துவ நிறுவனமாகவே பார்த்து, பதிவைக் கேளுங்கள். பதிவு செய்த இடங்களில், லேசர் இயக்கும் மருத்துவரின் பெயரும் மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணும், கருவியின் வகையும் அலை நீளமும், நுழைவாயிலில் தமிழில் எழுதப்பட வேண்டும். ஒவ்வொரு தடவைக்கும் என்ன அளவு வைத்தார்கள் என்ற சீட்டு நோயாளி கையில் போக வேண்டும். பிறகு ஏதாவது ஆனால், அடுத்த மருத்துவர் அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் சரிசெய்ய முடியும். கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கும் கதிர் இது. ஆகவே மருத்துவர், நோயாளி இருவருக்கும் கண் கவசம் உண்டா என்பதும் ஆய்வுப் பட்டியலில் இருக்கட்டும்.

மாவட்ட நலப் பணிகள் இணை இயக்குநர்களுக்கு ஒரு சுற்றறிக்கை போதும், இது தொடங்கிவிடும். கல்லூரி விடுமுறையில்தான் பிள்ளைகள் இந்தச் சிகிச்சைக்கு அதிகம் போகிறார்கள். அடுத்த விடுமுறைக்கு முன்னரே அந்தச் சுற்றறிக்கை மாவட்டங்களுக்குப் போய்ச் சேரும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஆசிரியர்