காவலிற் சிறந்தது எது?

வங்கிக் கணக்கு, புகைவண்டி முன்பதிவு, தேர்வு முடிவு ஆகியவற்றுள் எதனை நாம் கேட்டாலும், எங்கோ ஓர் அறையில் இரவு பகல் ஓயாது இயங்கும் கணினி ஒன்றே விடை தருகின்றது. அதனைச் சர்வர் என்பர். அதனை ஆண்டு நடத்தும் அடிப்படை நிரலே இயங்குதளம். 1991-ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸும், 1993-இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் வெளியிட்ட விண்டோஸ் என்.டி.யின் வழிவந்த விண்டோஸ் சர்வரும் இத்துறையில் பெயர் பெற்றவை. இவற்றுள் நம்பத்தக்கது எது என்னும் வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

லினக்ஸின் மூல நிரலை எவரும் படிக்கலாம். ஆதலால் பலர் கண்ணுக்குத் தப்பிப் பிழை ஒளிந்திருத்தல் அரிது என்பர் ஒரு சாரார். விண்டோஸின் நிரல் பூட்டி வைக்கப்பட்டது. பகைவன் அதனைக் காணான். பொறுப்பேற்க ஒரு நிறுவனமும் உண்டு என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றையும் அப்படியே ஏற்பதற்கில்லை.

2001 ஜூலை 19-ஆம் நாள், 'கோட் ரெட்' என்னும் புழு நிரல் 14 மணி நேரத்திற்குள் ஏறத்தாழ 3,59,000 கணினிகளைப் பற்றியது. அவை விண்டோஸில் இயங்கியவை. பூட்டு பகைவனைத் தடுக்கவில்லை. ஆனால் அப்பழுதை நீக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் அதற்கு முந்திய மாதமே வெளியிட்டிருந்தது! மருந்து கையிலிருந்தும் உண்ணாதவன், மருத்துவனை நொந்து பயன் என்ன?

லினக்ஸின் பக்கம் குறையே இல்லையோ எனின், உண்டு. அதனுடன் பெரும்பாலும் சேர்ந்து வரும் 'பாஷ்' என்னும் கட்டளை நிரலில் 1989 முதல் ஒரு பழுது கிடந்தது. எவரும் படித்திருக்கலாம், ஆயினும் அது உலகிற்கு வெளிப்பட்டது 2014-இல்தான். கதவு திறந்திருந்தால் மட்டும் போதுமா? உள்ளே சென்று பார்ப்பார் வேண்டாவா?

அவ்வாறு பார்த்தவர் ஒருவர் உண்டு. லினக்ஸ் தொகுப்புகள் பலவற்றில் 'எக்ஸ்.இசட்' என்னும் கோப்புச் சுருக்கும் நிரல் இடம்பெறுகின்றது. அதனை நெடுங்காலம் பேணியவர் ஊதியமின்றியே அப்பணியைச் செய்து வந்தார். அவருக்கு உதவுவார்போல் வந்து, ஈராண்டுக்கு மேலாக உழைத்து நம்பிக்கை பெற்ற ஒருவர், 2024-இல் அந்நிரலினுள் கள்ள வாயில் ஒன்றை அமைத்துவிட்டார். வேறொரு பணியில் ஈடுபட்டிருந்த ஆண்ட்ரஸ் பிராயிண்ட் என்னும் பொறியாளர், தொலைவிலிருந்து கணினியினுள் நுழைவதற்கு வழக்கத்தினும் அரை நொடி மிகுதியாவதைக் கண்டார். அரை நொடிதானே என்று அவர் வாளா இருந்துவிடவில்லை. காரணத்தைத் துருவிச் சென்று, மார்ச்சு 29-ஆம் நாள் சூழ்ச்சியை வெளிப்படுத்தினார். கள்ள வாயில் பெரும்பாலும் சோதனைப் பதிப்புகளிலேயே புகுந்திருந்தது, பெருங்கேடு விலகிற்று. அவர் ஊழியம் புரிந்த இடம் மைக்ரோசாப்ட் என்பது சுவையான செய்தி.

ஐயம் எழுந்தபொழுது அவர் எவருடைய ஒப்புதலுக்கும் காத்திராது நிரலை ஆராய முடிந்தது. இவ்வுரிமை ஒன்றன் பொருட்டே நான் லினக்ஸை விரும்புகின்றேன். ஆயினும், திருத்தம் இடுவாரின்றிக் கிடக்கும் லினக்ஸ் சர்வர் ஒன்றையும், நாள்தோறும் பேணப்படும் விண்டோஸ் சர்வர் ஒன்றையும் என்முன் வைத்தால், என் வங்கிக் கணக்கைப் பின்னதனிடமே ஒப்படைப்பேன்.