இலண்டனைப் பார்த்துவிட்டோமா?

நத்தார் விடுமுறை வந்துவிட்டால் இலண்டனில் எம்மவர் வீடுகளில் விருந்தாளிகளின் காலம் தொடங்கிவிடுகின்றது. கனடாவிலிருந்து மைத்துனர், ஜேர்மனியிலிருந்து சித்தப்பா, சுவிசிலிருந்து மச்சாள் எனப் பெட்டிகளோடு வந்திறங்குவர். வந்தவர்களுக்கு ஊர் காட்டவேண்டும் அல்லவா? பாராளுமன்றத்து மணிக்கூட்டுக் கோபுரத்தின் முன் ஒரு படம். தேம்ஸ் நதிப் பாலத்தில் ஒரு படம். அரண்மனை வாசலில் ஒரு படம். விரல்கள் விறைக்கத் தொடங்கியதும் வாகனத்திற்குள் புகுந்து, சூடாக்கியை முடுக்கிவிட்டுப் புட்டுப் பொதியை அவிழ்ப்பர். பிற்பகல் நான்கு மணிக்கு முன்னரே இருட்டிவிடும். இலண்டனைப் பார்த்தாயிற்று என்று வீடு திரும்புவர்.

பரிகசிப்பதற்காக இதனை எழுதவில்லை. அந்த வாகனங்கள் பலவற்றை ஓட்டியவன் நான். ஆனால் முப்பது ஆண்டுகளாக ஒரு தலைநகரில் வாழ்ந்தும், வருகின்றவர்களுக்கு வழிகாட்டியாக மட்டுமே அதனை அறிந்து வைத்திருக்கின்றோம் என்பது எண்ணிப் பார்க்கவேண்டியதாகும். இங்குள்ள நூதனசாலைகளிலும் நினைவுச்சின்னங்களிலும் எமக்கென்றே சில செய்திகள் காத்துக்கிடக்கின்றன. பள்ளிக்கூட ஆசிரியை அவற்றை எமது பிள்ளைகளுக்குச் சொல்லமாட்டார். நாமே சொல்லவேண்டியவை அவை.

என் கதையைச் சற்றுச் சொல்ல வாசகர்கள் அனுமதிக்க வேண்டும். 1994ஆம் ஆண்டு தை மாதம். இங்கு வந்து எனக்கு அதுவே முதலாவது குளிர்காலம். ரஷல் சதுக்கத்திற்கு அருகே சட்டத்தரணி ஒருவரின் அலுவலகத்திற்குக் காலை பத்து மணிக்கு வரச்சொல்லியிருந்தார்கள். போனபோது, திகதி அதுதான், நேரம் பிற்பகல் மூன்று மணி என்றார்கள். திரும்பிப்போய் மீண்டும் வரப் பணமில்லை. தேநீர்க் கடையில் ஒரு கோப்பையோடு எத்தனை மணிநேரம் இருக்கமுடியும்? மழையும் பனியும் கலந்து கொட்டிக்கொண்டிருந்தது. சப்பாத்துக்குள் தண்ணீர். பெரிய தூண்கள் வைத்த கட்டடம் ஒன்றினுள் சனம் போய்வருவதைக் கண்டேன். வாசலில் சீருடை அணிந்த காவலாளி நின்றார். சீருடையைக் கண்டால் அந்நாட்களில் என் கால்கள் தாமாகவே நின்றுவிடும். கையிலிருந்ததோ உள்துறை அமைச்சின் ஒரு கடிதம் மட்டுமே. அதனை வெளியே எடுத்துப் பிடித்துக்கொண்டு வாசலை அடைந்தேன். அவர் அதனைப் பார்க்கவேயில்லை. உள்ளே போகும்படி தலையை அசைத்தார்.

சூடு இருக்கும் இடம் தேடி மண்டபம் மண்டபமாக நடந்தேன். ஆசிய மண்டபத்திலே ஆளுயரத்திற்குச் சற்றுக் குறைந்த பெண்ணுருவம் ஒன்று நின்றது. பொன்முலாம் பூசிய வெண்கலம். வலக்கை வரமளிக்கும் பாவனையில் தாழ்ந்திருந்தது. கீழே எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தேன். இலங்கை, திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே கண்டெடுக்கப்பட்டது.

நான் வாகரைப் பக்கத்தவன். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே உள்ள கரை வேறெது? அதுதான் என் ஊர்க் கரை.

அவள் பெயர் தாரா. மகாயான பௌத்தத்தின் கருணைத் தெய்வம். ஏறத்தாழ 8ஆம் நூற்றாண்டில் வார்க்கப்பட்டவள். உயரம் 143 சென்ரிமீற்றர். இலங்கையில் 1812 முதல் 1820 வரை தேசாதிபதியாக இருந்த றொபேட் பிரவுண்றிக் 1830இல் அவளை இந்நூதனசாலைக்குக் கொடுத்தார். கண்டி இராச்சியம் 1815இல் ஆங்கிலேயர் வசமானது இவரது காலத்திலேதான். மேலாடையற்ற அவளது உருவத்தைக் கண்டு கூச்சமடைந்த நூதனசாலையார், ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் பொதுமக்கள் பார்வையில் வைக்காது, ஆராய்ச்சியாளருக்கு மட்டுமே காட்டி வந்தனர் என்பது ஒரு வேடிக்கை. அன்று பிற்பகல் மூன்று மணிவரை அவளுக்கு எதிரே இருந்த ஆசனத்தில் இருந்தேன். என் ஊர்க் கரையிலிருந்து வந்த ஒருத்திக்கு இந்நகரில் நிரந்தர வதிவிடம் இருந்தது. எனது வதிவிடத்தைப் பற்றி இன்னும் சிறிது நேரத்தில் ஒருவர் கேள்வி கேட்கவிருந்தார்.

சென்ற மார்கழியில் பேத்தியை அங்கு அழைத்துப்போனேன். ஒன்பது வயது. இங்கேயே பிறந்தவள். இது அப்பப்பாவின் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த சிலை என்றேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "இவவை ஆர் இஞ்ச கொண்டு வந்தது?" என்றாள். அந்தக் காலத்துத் தேசாதிபதி என்றேன். "கேட்டுப்போட்டோ கொண்டு வந்தவர்?" என்றாள். கேட்டுக்கொண்டு எடுக்கின்ற காலமாக அது இருக்கவில்லை என்பதற்கு மேல் என்னிடம் விடை இருக்கவில்லை.

இந்தக் கேள்விக்காகவே பிள்ளைகளை அங்கு கூட்டிச் செல்லவேண்டும் என்பேன். ரொசெட்டாக் கல்லின் முன் எப்போதும் கூட்டம் நிற்கும். எகிப்தில் பிரெஞ்சுப் படையினர் 1799இல் கண்டெடுத்து, ஆங்கிலேயர் அவர்களிடமிருந்து கைப்பற்றி, 1802இல் இங்கு வந்து சேர்ந்த கல் அது. கிரேக்கரின் பார்த்தெனன் கோயிற் சிற்பங்கள் ஒரு பெரிய மண்டபத்தை நிரப்பியுள்ளன. எல்ஜின் பிரபு கழற்றியெடுத்து வந்த அவற்றை 1816இல் பிரித்தானிய அரசு விலைக்கு வாங்கியது. கிரேக்கர் திருப்பிக் கேட்டவண்ணம் உள்ளனர். சேகரிப்பிலுள்ள பொருட்களைக் கையளிப்பதற்கு 1963ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கவில்லை என்பது நூதனசாலையின் நிலைப்பாடு.

இதே வாதத்தின்போது எம்மவர் சிலரே, "இங்கே இருந்தபடியால்தான் தப்பியது, எங்கள் நாட்டில் இருந்திருந்தால் எரித்திருப்பார்கள்" என்று சொல்லக் கேட்டிருக்கின்றேன். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் தொண்ணூற்றேழாயிரம் நூல்களோடு எரிந்ததை மனதிற்கொண்டே அப்படிச் சொல்கின்றார்கள். அந்த வலி எனக்கும் உண்டு. ஆயினும் எமது நூலகத்தை எரித்தவர்களின் குற்றம், எடுத்துச் சென்றவர்களுக்கு நற்சான்றிதழ் ஆகிவிடமுடியாது. பாதுகாப்பு என்ற வாதமும் முழுமையானதன்று. தனது களஞ்சியத்திலிருந்து ஏறத்தாழ இரண்டாயிரம் பொருட்கள் திருடப்பட்டோ சேதமாக்கப்பட்டோ விட்டன என்பதை 2023இல் இதே நூதனசாலை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. பணிப்பாளர் பதவி விலகினார்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். இந்நூதனசாலையின் நூலகத்தில் சேர்ந்திருந்த தமிழ் நூல்களுக்கு பார்னெற், போப் ஆகிய இருவரும் தொகுத்த பட்டியல் 1909இல் அச்சாயிற்று. திருவாசகத்தை ஆங்கிலமாக்கிய அதே போப்தான். 1973இல் தனியாகப் பிரிந்து இப்போது சென் பாங்கிராஸில் இருக்கும் பிரித்தானிய நூலகத்தில் அந்நூல்கள் உள்ளன. யாழ்ப்பாணத்தில் அச்சான பழைய நூல்களும் அவற்றுள் அடங்கும். எரிந்துபோனவற்றின் மறுபிரதிகளை இங்கே தேடவேண்டிய நிலையில் இருப்பவர்கள் நாம். நன்றி, கோபம் இரண்டும் ஒரே நேரத்தில் எழுவதில் பிழையில்லை. பிள்ளைகளுக்கு இரண்டையும் சொல்லலாம்.

போனது திரும்புவதே இல்லை என்றும் சொல்லிவிடமுடியாது. தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் 1976இல் மண்ணிலிருந்து கிடைத்த நடராசர் சிலையொன்று கடத்தப்பட்டு இலண்டனுக்கு வந்தது. பழுதுபார்ப்பதற்காக இதே நூதனசாலையில் விடப்பட்டிருந்தபோது 1982இல் பொலிசார் அதனைக் கைப்பற்றினர். சிதைந்துபோன ஒரு கோயிலும் தன் உடைமையைக் கேட்டு வழக்காடலாம் என்பதை இங்குள்ள நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 1991இல் நடராசர் தமிழகம் திரும்பினார். இரவல் கோட்டு அணிந்து நீதிமன்றப் படியேறிய எம்மைப் போன்றவர்களுக்கு, அதே ஊரில் நடராசர் வழக்காடி வென்று வீடு திரும்பியது அறியவேண்டிய செய்தியல்லவா?

நூதனசாலையை விட்டு வெளியே வருவோம். லிவர்பூல் வீதிப் புகையிரத நிலையத்தின் வாசலில் வெண்கலப் பிள்ளைகள் சிலர் பெட்டிகளோடு நிற்கின்றனர். நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் அவர்களைக் கடந்து வேலைக்கு ஓடுகின்றனர், எம்மவரும் ஓடுகின்றனர். 1938 மார்கழி முதல் 1939இல் போர் மூளும்வரை, ஹிட்லரின் பிடியிலிருந்து தப்பி ஏறத்தாழ பத்தாயிரம் பிள்ளைகள் பிரித்தானியா வந்து சேர்ந்தனர். பெரும்பாலோர் யூதப் பிள்ளைகள். பெற்றோர் உடன்வர அனுமதியில்லை. அவர்களுட் பலர் இந்நிலையத்திலேதான் வந்திறங்கினர். பெற்றோரைப் பிறகு காணாதவர்களே அதிகம். சிற்பத்தைச் செய்த பிராங் மைஸ்லரும் அவ்வாறு வந்த பிள்ளைகளுள் ஒருவரே. 2006இல் அது நிறுவப்பட்டது. பதினாறு வயது மகனை ஏஜென்சிக்காரரின் கையில் ஒப்படைத்துவிட்டு, விமானம் ஏறியதா இல்லையா என்று தெரியாமல் தொலைபேசிக்கு அருகே இருந்த தாய்மாருக்கு அந்தச் சிற்பத்தை எவரும் விளக்கத் தேவையில்லை.

அங்கிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடையில் பிறிக் லேன். பூர்ணியர் வீதி மூலையில் ஒரு செங்கற் கட்டடம் உண்டு. பார்வைக்குப் பெரிதாக எதுவுமில்லை. சுற்றுலாப் பேருந்துகள் நிற்பதுமில்லை. பிரான்சிலிருந்து மதத்திற்காகத் துரத்தப்பட்ட புரட்டஸ்தாந்தர்கள் 1743இல் கட்டிய தேவாலயம் அது. ஆங்கிலத்தில் அகதியைக் குறிக்கும் சொல்லே அந்த மக்களோடுதான் பிரெஞ்சிலிருந்து இந்நாட்டுக்கு வந்தது. பட்டு நெய்து பிழைத்த அவர்களின் பேரப்பிள்ளைகள் வசதி பெற்று வேறிடம் சென்றனர். பின்னர் அது மெதடிஸ்த தேவாலயமாயிற்று. ரஷ்யப் பேரரசிலிருந்து ஓடிவந்த யூதர்கள் 1898இல் அதனைத் தம் செபக்கூடமாக்கினர். 1976 முதல் வங்காள முஸ்லிம்களின் பள்ளிவாசல். வந்தவர்கள் எவரும் சுவரை இடிக்கவில்லை. என் கணக்கில் இலண்டனின் முதலாவது நினைவுச்சின்னம் இதுதான். மணிக்கூட்டுக் கோபுரம் இதற்குப் பின்னால்தான் வரும்.

வைற்ஹோல் வீதியின் நடுவே நிற்கும் வெண்கல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதலாம் உலகப்போரில் இறந்தவர்களின் உடல்களை ஊருக்குக் கொண்டுவருவதில்லை என்று அரசு முடிவுசெய்தது. 1919இல் வெற்றி அணிவகுப்புக்காக மரத்தாலும் சாந்தாலும் தற்காலிகமாக ஒரு வெற்றுச் சமாதியை நிறுத்தினர். உடலைக் காணாத மக்கள் வந்து அதனடியில் மலர்களைக் குவித்தனர். அகற்ற முடியாமற் போயிற்று. மறு ஆண்டே லட்யென்ஸ் என்ற கட்டடக் கலைஞரின் வடிவத்தில் அதனைக் கல்லில் எழுப்பினர். உள்ளே எவருமில்லை; வெளியே எவரது பெயருமில்லை. அழுவதற்கு ஓர் இடமாவது வேண்டும் என்ற மக்களின் பிடிவாதம் அரசாங்கத்தை வென்ற கதை அது. இன்னும் மகனின் படத்தைக் கையில் வைத்திருக்கும் தாய்மார் எம்மிடையே இருக்கின்றனர். அவர்களை ஒருமுறை அங்கு அழைத்துப்போங்கள்.

குளிர், செலவு, நேரமில்லை என்ற மூன்று சாட்டுகளும் எனக்குத் தெரியும். நேரத்தைப் பற்றி நான் பேச முடியாது. பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை பார்த்துவிட்டு வருபவருக்கு ஞாயிற்றுக்கிழமை எதற்கு என்பது எனக்கும் தெரிந்ததே. குளிருக்கோ நூதனசாலையை விட நல்ல இடமில்லை. செலவைப் பொறுத்தவரை, நான் வந்த காலத்தில் இயற்கை வரலாற்று நூதனசாலைக்குக் கட்டணம் இருந்தது. 2001 மார்கழியிலிருந்து தேசிய நூதனசாலைகளின் நிரந்தரக் காட்சிகளுக்குக் கட்டணமில்லை. பதினொரு வயதிற்குட்பட்ட பிள்ளைகள் பெரியவரோடு நிலக்கீழ் ரயிலில் இலவசமாகச் செல்லலாம். எமது சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகள் ஆண்டு விழாவுக்கு மண்டபம் எடுக்கும் பணத்திற் சிறு பகுதியை ஒரு குளிர்கால நடைப்பயணத்திற்கு ஒதுக்கக்கூடாதா? தாராவின் முன் நின்று ஒரு பக்கம் தமிழில் எழுதச் சொல்லுங்கள். பரீட்சைக்கு மனனம் செய்யும் கட்டுரையை விட அது நன்றாகவே வரும்.

வழக்கின் முடிவுக்காகக் காத்திருக்கும் இளைஞர்களையும் மறந்துவிடக்கூடாது. வேலை செய்ய அனுமதியில்லை. விடுதி அறையில் சுவரைப் பார்த்தபடி மாதக் கணக்கில் இருக்கின்றார்கள். உங்கள் குடும்பத்தோடு ஒருவரையாவது அழைத்துச் செல்லுங்கள். பேருந்துக் கட்டணமும் ஒரு புட்டுப் பொதியும் மட்டுமே உங்கள் செலவு.

மார்கழி 24, 25, 26ஆம் திகதிகளில் பிரித்தானிய நூதனசாலை பூட்டியிருக்கும்; 25ஆம் திகதி ரயிலும் ஓடாது. மற்ற நாட்களில் காலை பத்து மணி முதல் மாலை ஐந்து மணிவரை. வெள்ளிக்கிழமைகளில் இரவு எட்டரை வரை. வெளியிலுள்ள சின்னங்களை வெளிச்சம் இருக்கும்போதே பார்த்துவிட்டு உள்ளே செல்வது நல்லது. தாரா நிற்பது 33ஆம் மண்டபத்தில். வாசலில் இப்போதும் சீருடையோடு ஒருவர் நிற்பார். பையைத் திறந்து காட்டச் சொல்வார். வேறெந்தப் பத்திரமும் கேட்கமாட்டார்.