"டை அடிச்சுக்கோம்மா!" - நான் சொன்ன ஒரு வார்த்தையும், அம்மாவின் வீங்கிய முகமும்

அக்காவின் நிச்சயதார்த்த ஆல்பத்தில் அம்மாவின் முகம் முழுசாகத் தெரியும் போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. தட்டு மாற்றும் படத்தில் அத்தையின் தோளுக்குப் பின்னால் பாதி முகம். பந்தி நடக்கும் படத்தில் முதுகு மட்டும். அன்றைக்கு அம்மாவின் இரண்டு கண் இமைகளும் வீங்கிப்போயிருந்தன. காரணம், நான்.

2020 ஊரடங்கில் பார்லர்கள் மூடிக் கிடந்தபோது அம்மா தலைக்கு டை அடிப்பதை நிறுத்தினார். 'யார் பார்க்கப்போறா' என்று ஆரம்பித்தது, அப்படியே பழகிவிட்டது. அம்மாவுக்கு அதில் வருத்தம் இருந்த மாதிரி தெரியவில்லை. வருத்தப்பட்டதெல்லாம் மற்றவர்கள்தான். "என்ன அண்ணி, உடம்பு கிடம்பு சரியில்லையா? திடீர்னு வயசான மாதிரி ஆயிட்டீங்க" என்பார் அத்தை. "உங்களை நீங்க கவனிச்சுக்கறதே இல்லக்கா" என்பார் பக்கத்து வீட்டு ஆன்ட்டி.

நிச்சயத்துக்கு முந்தைய நாள் நானும் அவர்களோடு சேர்ந்துகொண்டேன். "மாப்பிள்ளை வீட்ல எல்லாரும் வருவாங்க. போட்டோவுல பாட்டி மாதிரி தெரிவே. டை அடிச்சுக்கோம்மா." அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கடைக்குப் போய் பாக்கெட் வாங்கி வந்ததும் நான்தான், உட்காரவைத்துத் தடவிவிட்டதும் நான்தான்.

ராத்திரியே அரிப்பு. விடிந்தபோது நெற்றி சிவந்து, இமைகள் கனத்து, கண்ணைத் திறக்கவே சிரமப்பட்டார்.

விழா முடிந்த கையோடு ஸ்கின் டாக்டரிடம் ஓடினோம். "பேட்ச் டெஸ்ட் பண்ணீங்களா?" என்றார். "பல வருஷம் அடிச்சவதானே டாக்டர், இதுவரைக்கும் ஒண்ணும் ஆனதில்லையே" என்றார் அம்மா.

அங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். கறுப்பு நிறம் தரும் பெரும்பாலான டைகளில் பாராஃபினைலின்டையமின் என்கிற ரசாயனம் இருக்கிறது. சுருக்கமாக பி.பி.டி. வருடக்கணக்கில் எந்தத் தொந்தரவும் தராமல் இருந்துவிட்டு, ஒருநாள் திடீரென அலர்ஜியைக் காட்டக்கூடியது இது. ஒருமுறை அலர்ஜி வந்துவிட்டால், பெரும்பாலும் ஆயுசுக்கும் அந்த டையைத் தொடாமல் இருப்பதுதான் பாதுகாப்பு. அதனால்தான் ஒவ்வொரு முறையும் 48 மணி நேரம் முன்பே காதுக்குப் பின்னால் சிறிதளவு தடவிப் பார்க்கச் சொல்கிறார்கள். பாக்கெட்டில் பொடி எழுத்தில் இருக்கும் அந்த வரியை நான் படிக்கவே இல்லை. 'கறுப்பு மருதாணி' என்று விற்பதிலும் இதே பி.பி.டி. இருக்கலாம். மருதாணி இலை தனியாகத் தருவது செம்மை நிறம்தான், கருமை அல்ல.

மருந்து வாங்கக் காத்திருந்தபோது அம்மா மெதுவாகச் சொன்னார். "கொஞ்ச நாளா கண்ணாடியில பார்த்தா எங்கம்மா நிக்கற மாதிரியே இருந்துச்சுடி. எனக்கு அது பிடிச்சுதான் இருந்துச்சு. நீ 'பாட்டி மாதிரி'ன்னு சொன்னதும்தான், அது அசிங்கமோன்னு தோணிருச்சு."

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

அப்பாவுக்கும் நரைதான்!

அதே விழாவில் அப்பா முழு நரையோடு வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றார். 'சம்பந்தி என்ன கம்பீரமா இருக்காரு' என்றார்கள். 2011-ல் 'மங்காத்தா' படத்தில் அஜித் நரைத்த தலையோடு வந்தபோது 'சால்ட் அண்ட் பெப்பர் லுக்' என்று கொண்டாடினோம். அவர் வயதில் ஒரு ஹீரோயின் அப்படி வந்திருந்தால், அம்மா ரோலுக்குப் போய்விட்டதாகத்தானே பேசியிருப்போம்?

ஔவையார் கதை நமக்கெல்லாம் தெரியும். இளம்வயதில் கல்யாணப் பேச்சு வந்தபோது, விநாயகரை வேண்டி முதுமையைக் கேட்டு வாங்கிக்கொண்டார் என்பார்கள். சின்ன வயதில் அதை பக்திக் கதையாகத்தான் கேட்டேன். இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. ஊர் ஊராகப் போகவும் அரசனுக்கே புத்தி சொல்லவும் ஒரு பெண் பாட்டியாக மாறவேண்டியிருந்திருக்கிறது. குமரிக்கு ஓர் இடம் இருக்கிறது, பாட்டிக்கும் ஓர் இடம் இருக்கிறது. நடுவில் இருக்கிற 40 முதல் 60 வரைக்கும்? நம் அம்மாக்கள் எல்லாம் அங்கேதான் நின்றுகொண்டிருக்கிறார்கள்.

உடம்பும் அந்த நேரத்தில்தான் அதிகம் மாறுகிறது. பெரும்பாலான பெண்களுக்கு 45 முதல் 55 வயதுக்குள் மாதவிடாய் நிற்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறைய, தோலைத் தாங்கிப் பிடிக்கும் கொலாஜனும் வேகமாகக் குறைகிறது. தோல் உலர்கிறது, முடி மெலிகிறது. முடிக்கு நிறம் தரும் செல்கள் ஓய்ந்துபோவதால் வருவதுதான் நரை. இதில் 'கவனிச்சுக்கல' என்று குற்றம் சொல்ல என்ன இருக்கிறது?

அதையும் நீயேதான் சொல்றியா?

குற்ற உணர்ச்சியில் நான் அடுத்த பக்கத்துக்குத் தாவினேன். நரைத்த தலையோடு அழகாக நிற்கும் பெண்களின் ரீல்ஸாகத் தேடி அம்மாவுக்கு அனுப்பினேன். "இனி டையே வேண்டாம்மா, நரைதான் உனக்கு அழகு" என்றேன்.

அம்மா போனைக் கீழே வைத்துவிட்டு, "அன்னைக்கு அடின்னும் நீதான் சொன்ன, இன்னைக்கு அடிக்காதன்னும் நீதான் சொல்ற. தலை என்னோடதுதானே கண்ணு?" என்றார்.

சுருக்கென்றது. அம்மா சொன்னது சரிதான். டை அடிக்கிற பெண் வயதுக்குப் பயந்தவளும் இல்லை; அடிக்காத பெண் புரட்சிக்காரியும் இல்லை. யாரும் வற்புறுத்தாமல் அவள் முடிவெடுத்தாளா என்பதுதான் விஷயம்.

அக்கா கல்யாணத்துக்கு முந்தைய வாரம், டாக்டரிடம் கேட்டுவிட்டு, அம்மா கொல்லையில் மருதாணி பறித்து அம்மியில் அரைத்தார். முதலில் காதுக்குப் பின்னால் துளி தடவி இரண்டு நாள் பொறுத்திருந்தார். பிறகுதான் தலைக்குப் பூசினார். நெற்றியோர நரையெல்லாம் செம்மண் நிறமானது. நான் வாயே திறக்கவில்லை.

"என்ன அண்ணி, செம்பட்டையா இருக்கு?" என்றார் அத்தை, மண்டபத்தில் நுழைந்ததுமே.

"எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார் அம்மா.

கல்யாண ஆல்பம் போன வாரம் வந்தது. முதல் பக்கத்திலேயே அம்மா. முன்வரிசையில், முழு முகமும் தெரிய.